பனியிடம் பல்லைக் கடித்த விதை

விதைகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. மலை உச்சியில் மலைச்சூரை என்றொரு முட்புதர்க் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிறுக்குப் பெருமை. ஐப்பசி மழையின் முதல் தூறலிலேயே எந்த விதை முளைக்கிறதோ அதுதான் கெட்டிக்கார விதையாம்! முளைத்துத் தலையாட்டி நிற்கும்போதே மார்கழியில் உறைபனி வருவான், அத்தனை இளம்பச்சையையும் கருக்கிவிட்டுப் போவான். அடுத்த வருஷமும் அதே ஓட்டம்தான். புத்தி வந்தால்தானே!

இப்படியே போய், கடைசியில் ஒரே ஒரு தாய்ப்புதர்தான் மிச்சம். அதுவும் பட்டுப்போகிற நிலை. அவள் கடைசியாக உதிர்த்த விதைகளில் ஒருத்திதான் கருமணி.

மழை விழுந்தது. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் முளைத்தார்கள். கருமணி அசையவில்லை.

"மானத்தை வாங்காதேடி, சட்டுனு எந்திரி!" என்று தாய் பதறினாள்.

"பச்சையா இருக்கிறதைத்தானேம்மா அந்தப் பனி கருக்குறான்? அவன் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் முளைக்கிறேன்."

பக்கத்துப் புல் கெக்கலித்தது. "சொத்தை விதை! இதுவாவது முளைக்கிறதாவது!"

கருமணிக்கு அழுகை முட்டியது. இப்போதே முளைத்துக் காட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மார்கழியில் பனி வந்தான். முளைத்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கருகிப் போனார்கள். தாய் போட்ட கதறலில் மலையே அதிர்ந்தது. பனி திரும்பிப் பார்த்தான். சருகுக்கு அடியில் கருமணி!

"என்னடி, எனக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டியா?"

"யாரு ஒளிஞ்சா? உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். முடிஞ்சா என் ஓட்டைக் கடிச்சுப் பாரு!"

பனிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தை முடியும்வரை விடாமல் கடித்தான். உள்ளே கருக்குவதற்குப் பச்சை ஏது? கல்லாக இருந்த ஓடு இளகியதுதான் மிச்சம். பல் கூசி, வாயைப் பொத்திக்கொண்டு மலையிறங்கினான்.

மாசி பிறந்தது. மண் கதகதத்தது. "இப்பவாவது வாடி!" என்று தாய் கெஞ்சினாள்.

"சருகுக்கு அடியில ஒரே இருட்டும்மா. நமக்குச் சோறு போடுறவன் வெயில். அவன் முகத்தைப் பார்க்காம தலை நீட்ட மாட்டேன்."

மறுநாள் காட்டுக்கோழி ஒன்று சருகைக் கிளறியது. பளீரென்று வெயில் மேலே விழுந்ததுதான் தாமதம், ஓட்டைப் பிளந்துகொண்டு எழுந்தாள் கருமணி!

"என் குலத்தைக் காப்பாத்திட்டியேடி, ராசாத்தி!" தாய் சிரித்துக்கொண்டே அழுதாள். கெக்கலித்த புல் வளைந்து வழிவிட்டது. கருமணி வளர்ந்து, பூத்து, காய்த்து, மலை முழுவதும் தன் பிள்ளைகளை நிறைத்தாள்.

அந்த மாசியில் தொடங்கிய வழக்கம்தான் இது: மழை எத்தனை கெஞ்சினாலும் சரி, பனி வந்து கடித்துத் தோற்றுப் போய், வெயில் வந்து முகம் காட்டினால்தான் மலைச்சூரை விதை கண் திறக்கும்.