ஓடை தாண்டாத பவளம்

மலையடிவாரக் காட்டில் வீரணன் என்றொரு கரடி இருந்தது. பேர்தான் வீரணன். தண்ணீரைக் கண்டால் அதற்கு உதறல் எடுக்கும். குட்டியாக இருந்தபோது ஒரு மடுவில் விழுந்து மூச்சு முட்டியதாம், அன்றிலிருந்து அப்படி. இதை அது யாரிடமும் சொன்னதில்லை. காட்டுக்கே தெரியும் என்பது வேறு விஷயம்!

வீரணனிடம் பவளம் என்று ஒரு செவலை மட்டக்குதிரை இருந்தது. தேன் குடுவைகளைச் சுமக்கத்தான். அந்தக் குடுவைகளோ ஓடைக்கு அக்கரையில், ஒரு மரப்பொந்தில் கிடந்தன. கோடையில் ஓடை காய்ந்திருந்தபோது சேர்த்து வைத்தது. இப்போது முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பெருமழை பிடித்தால் பொந்துக்குள் தண்ணீர் புகுந்து வருஷத்துத் தேன் பூராவும் போச்சு!

தினமும் வீரணன் பவளத்தின்மேல் ஏறிப் புறப்படும். கரை வரைக்கும் குதிரை ஜம்மென்று போகும். கரை வந்ததும் நட்ட கல் மாதிரி நின்றுவிடும்.

"போ! போயேன்!" என்று வீரணன் குதிகாலால் விலாவில் இடிக்கும்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று பவளம் ஆரம்பிக்கும்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நடந்தால் போதும்!"

இந்த நேரம் பார்த்துத் தாமரைக் குளத்தங்கரையில் குதிரைக் கண்காட்சி கூடியது. குதிரை வளர்க்கும் மிருகங்களுக்குக் கருத்தரங்கு என்ன, செயல்விளக்கம் என்ன, ஒரே தடபுடல்! சேணத்தில் நோகாமல் உட்காருவது எப்படி என்று முள்ளம்பன்றி பேசியது. அதற்கு எந்தக் குதிரையும் இதுவரை முதுகு கொடுத்ததில்லை. நாலுகால் பாய்ச்சலைப் பற்றி ஆமை பேசியது. அது வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் தூங்கிவிட்டது.

வீரணன் ஒன்றையும் விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. 'குதிரைக்கு எப்போதெல்லாம் தண்ணீர் காட்ட வேண்டும்' என்று நீர்க்காகம் பேசியதைக்கூட வாய் பிளந்து கேட்டது. வெளியே புளியமரத்தடியில் பவளம் காலையிலிருந்து நா வறண்டு நின்றுகொண்டிருந்தது.

கடைசியாக மேடை ஏறியது ஓநாய். தலைப்பு: 'அடங்காத குதிரையை அடக்குவது எப்படி?' கூட்டம் லேசாகப் பின்வாங்கியது.

"பயப்படாதீர்கள்!" என்றது ஓநாய். "நான் கறியைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போதெல்லாம் கிழங்கும் கீரையும்தான்! குதிரையை உள்ளும் புறமும் அறிந்தவர் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?"

நியாயம்தானே என்று கூட்டம் கை தட்டியது. மரத்தடியில் கட்டியிருந்த குதிரைகள் மட்டும் கப்சிப்.

"யாரிடமாவது முரட்டுக் குதிரை இருக்கிறதா?"

"என்னிடம் இருக்கிறது ஐயா!" என்று வீரணன் துள்ளி எழுந்தது.

மொத்தக் கூட்டமும் ஓடைக்கரைக்குப் போனது. வீரணன் பவளத்தின்மேல் ஏறி வழக்கம்போல் குதிகாலால் இடித்தது. பவளமும் வழக்கம்போல் கரையில் நின்றுவிட்டது. ஓநாய் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. தொடையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல தொடை" என்று எச்சிலை விழுங்கியது.

"தம்பி, இது திமிர்! அதுவும் பிறவித் திமிர். இங்கே சரிப்படாது. என் குகையில் பயிற்சி முகாம் நடத்துகிறேன். அங்கே விட்டுவிட்டுப் போ."

"இதுக்கு முன்னாடி அந்த முகாமுக்கு வந்த குதிரைங்க எல்லாம் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டது பவளம்.

"ரொம்ப அமைதியாகிவிட்டன" என்றது ஓநாய்.

மேகம் உறுமியது. வீரணனுக்குத் தேன் ஞாபகம் வந்துவிட்டது. எப்படியாவது குதிரை திருந்தினால் சரி என்று, "ஆகட்டும் ஐயா" என்றது.

பவளத்தின் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, அங்கே போனா நான் திரும்பி வர மாட்டேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உன் கையைப் பாரேன்."

வீரணன் குனிந்து பார்த்தது. கடிவாள வார் இரண்டையும் அது நெஞ்சோடு இழுத்து, விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தது. பவளத்தின் கடைவாயில் இரும்பு அழுத்திப் புண்ணாகியிருந்தது.

"உன் கால் போ போங்குது. உன் கை நில்லு நில்லுங்குது. நான் எதைக் கேட்கட்டும்? தண்ணியைக் கண்டா எனக்குப் பயமே இல்லை. பயப்படுறது நீதான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கரடிக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. அத்தனை கறுப்பு ரோமத்துக்குள் அது யாருக்கும் தெரியவில்லை.

"கேட்டாயா! எதிர்த்து வேறு பேசுகிறது! கொடு வாரை!" என்று ஓநாய் பாய்ந்து வாரின் நுனியைப் பல்லால் கவ்வியது. ஒரு கணம் அந்தப் பல் வரிசை முழுசும் வெளியே தெரிந்தது. கிழங்கு தின்கிற பல்லா அது! பவளம் இல்லாமல் போய்விடும் என்ற பயம் வீரணனுக்குத் தண்ணீர்ப் பயத்தைவிடப் பெரிதாக வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாரை விட்டது. பிடரி மயிரைப் பற்றிக்கொண்டது.

"போ தாயி! உன் இஷ்டம்!"

அவ்வளவுதான். பவளம் சளக் சளக்கென்று ஓடையில் இறங்கியது. வாரைக் கவ்விய ஓநாயும் கூடவே இழுபட்டு, இரண்டு பாறைகளில் முட்டி, வாயெல்லாம் தண்ணீர் குடித்துப் பிடியை விட்டது. நனைந்த கோணி மாதிரி கீழே கரை ஒதுங்கியது.

எழுந்து நின்றதும் அது என்ன சொன்னது தெரியுமா? "பார்த்தீர்களா என் செயல்விளக்கத்தை!" என்றது. கூட்டமும் கை தட்டத்தான் செய்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு எந்தக் குதிரையும் அந்த முகாமின் பக்கம் கால் வைக்கவில்லை.

நடு ஓடையில் பவளம் சட்டென்று நின்றது.

"என்ன ஆச்சு? ஏன் நின்னுட்டே?" என்று வீரணன் அலறியது.

"தாகம் அண்ணே. காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை."

"குடி... நிதானமா குடி" என்றது வீரணன், உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டே.

பவளம் நிதானமாகத்தான் குடித்தது. அக்கரை சேர்ந்ததும் வீரணன் முதல் குடுவையைத் திறந்தது. தான் நக்கவில்லை. ஒரு விரல் தேன் எடுத்துப் பவளத்தின் கடைவாய்ப் புண்ணில் மெல்லத் தடவிவிட்டது.

அடுத்தவரைத் திருத்தப் புறப்படும் முன், நம் கை எதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.