கோரையன் முயலின் குத்தகைத் தோணி

கோரையன் என்ற முயல், தன் மனைவி தும்பையுடனும் நான்கு குட்டிகளுடனும் ஒரு பெரிய குளத்தின் வடகரையில் குடியிருந்தது.

குளத்தின் நடுவில் ஒரு மண்திட்டு உண்டு. கோடையில் கரையெல்லாம் காய்ந்து கிடந்தாலும், அந்தத் திட்டில் மட்டும் அறுகம்புல் தளதளவென்று நிற்கும். முயல்களுக்குத் தண்ணீரென்றால் பயம். அதனால் போய்வரத் தோணி வேண்டும்.

தோணிகள் பொன்னப்பன் என்ற பெருச்சாளியிடம் இருந்தன. கட்டையைப் பல்லால் குடைந்து தோணி செய்வதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. மூன்று கோடைக்கு என்று பேசித் தோணியைக் குத்தகைக்கு விடும். குத்தகை முடிந்த பிறகு, இருபது கிழங்கு கொடுத்தால் தோணி சொந்தம். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு தோணி எடுத்துக்கொள்ளலாம்.

கோரையனின் மூன்றாவது கோடை முடிய நான்கே நாள் இருந்தது.

"கிழங்கைக் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்வோம், தும்பை!" என்றது கோரையன்.

"வேறு பெரிய தோணி எடுப்போம், என்னங்க!" என்றது தும்பை.

"இதை விட்டுவிடுவதா? கல்யாணமான புதிதில் முதன்முதலாக இதில் ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? பயத்தில் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாய்! மூத்தவன் கண் திறந்ததும் இதற்குள்தான். அன்று தூறல் போட்டது. தாமரை இலையைக் குடையாகப் பிடித்தாயே!"

தும்பையின் முகம் மலர்ந்தது. "எப்படி மறக்கும்? ஆனால் அன்றைக்கெல்லாம் நாம் இரண்டு மூன்று பேர்தானே!"

கோரையன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோணியை எடுத்துக்கொண்டு பொன்னப்பனிடம் போனது. வழியெல்லாம் பழைய நாட்களே நெஞ்சில் ஓடின. தும்பை பூக்களை நீரில் போட்டுக்கொண்டே வந்தது, சின்னதுகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கியது, திரும்பும்போது தோணி முழுக்க வீசிய பச்சைப் புல்லின் வாசனை! துடுப்பு ஒவ்வொரு தடவை நீரில் விழும்போதும் ஒன்று நினைவுக்கு வந்தது.

கரையில் இறங்கியதும், தோணியின் விளிம்பில் ஒட்டியிருந்த பாசியைக் கோரையன் மெல்லத் துடைத்தது. அதன் கண் கலங்கியதைப் பெருச்சாளி பார்த்துவிட்டது.

'அப்படியா சேதி!' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டது.

"கோரையா, இது வெறும் கட்டையா? உன் குடும்பமே இதில்தானே வளர்ந்தது! இதை இன்னொருவன் ஓட்டிப் போவதை உன்னால் பார்க்க முடியுமா?"

"முடியாது, அண்ணே!" என்றது கோரையன்.

"அப்படியென்றால் முப்பது கிழங்கு கொண்டு வா!"

"இருபது என்றுதானே பேச்சு?"

"கட்டைக்கு இருபது. அதன்மேல் நீ வைத்திருக்கிறாயே பாசம், அதற்குப் பத்து! நாளைக்குள் வராவிட்டால், குத்தகை முடிந்ததும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன்!"

கோரையன் பதறிப்போய் வீட்டுக்கு வந்தது. முப்பது கிழங்கு என்றால் மழைக்காலத்துக்குச் சேர்த்துவைத்தது அத்தனையும் போய்விடும். அப்படியும் தோணியைக் கைவிட அதற்கு மனசு வரவில்லை.

தும்பை கோபப்படவில்லை. "கொடுக்கலாம். அதற்கு முன்னால் நாம் ஆறு பேரும் சேர்ந்து அதில் ஒரு தடவை போகலாமா? இந்தக் கோடையில் ஒருநாள்கூட அப்படிப் போகவில்லையே!" என்று மட்டும் கேட்டது.

உண்மைதான். குட்டிகள் வளர்ந்துவிட்டதால், பாதிப் பேரை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு மீதிப் பேருக்காகத் திரும்பி வருவதுதான் வழக்கமாகியிருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் கிளம்பினார்கள். கரையோரத்தில், இடுப்பளவு நீரில் தோணி நின்றது. கோரையன் ஏறியது, தும்பை ஏறியது, சின்னக் குட்டிகள் மூன்றும் துள்ளி ஏறின. கடைசியாக மூத்தவன் காலை வைத்தான். அவ்வளவுதான்! தோணி விளிம்புவரை அமிழ்ந்து, தண்ணீர் சளசளவென்று உள்ளே வந்தது. எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள்.

குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன. கோரையனும் சிரித்துவிட்டது.

அப்போது கடைக்குட்டி கேட்டது: "அப்பா! இன்றைக்குத் திட்டில் யாரை விட்டுவிட்டு வரப்போகிறோம்?"

கோரையனின் சிரிப்பு அப்படியே நின்றது.

போன மாதம் திட்டில் புல் அறுத்துவிட்டுத் திரும்பும்போது திடீரென்று காற்று கிளம்பியது. முதல் நடையில் வந்தவர்கள் கரை சேர்ந்துவிட்டார்கள். அடுத்த நடைக்காகத் திட்டில் நின்ற கடைக்குட்டியும் அதன் அக்காவும் மாட்டிக்கொண்டன. காற்று ஓயும்வரை அவை அலறியது கரைவரை கேட்டது. தும்பை கழுத்தளவு நீரில் இறங்கி நின்று, "இதோ வந்துவிடுகிறோம்!" என்று கத்திக்கொண்டே இருந்தது.

அதுவும் இதே தோணியில் நடந்ததுதான். நேற்று வழியெல்லாம் எத்தனையோ ஞாபகம் வந்ததே, அந்த நாள் மட்டும் எப்படி வராமல் போயிற்று?

"யாரையும் விடப்போவதில்லை, கண்ணு!" என்று குட்டியை வாரி எடுத்துக்கொண்டது கோரையன்.

அன்றே தும்பையோடும் குட்டிகளோடும் பொன்னப்பனிடம் போய், "அண்ணே, தோணி எங்களுக்கு வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள்!" என்றது.

பெருச்சாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னப்பா இது! சரி, இருபதே கொடு! வேண்டாம், பதினைந்து!"

"சும்மா கொடுத்தாலும் ஆறு பேர் உட்கார முடியாதே, அண்ணே!"

கரையில் கிடந்த அகலமான தோணி ஒன்றைத் தும்பை காட்டியது. முதலில் ஆறு பேரும் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். குத்தகை முடியும்போது எத்தனை கிழங்கு என்பதையும், பின்னால் பேச்சு மாறாமலிருக்க, அதன் விளிம்பிலேயே பல்லால் பதித்துக் கொடுக்கச் சொன்னது தும்பை. பெருச்சாளி முனகிக்கொண்டே பதித்துக் கொடுத்தது.

நாலைந்து நாளில் பழைய தோணியை ஓர் அணில் ஜோடி குத்தகைக்கு எடுத்தது. அவற்றுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவை கிளம்புவதைப் பார்த்துக் கோரையன் கரைக்கு ஓடி வந்தது.

"தம்பி! மேல்காற்று அடித்தால் தோணி இடப்பக்கமாக இழுக்கும். துடுப்பைப் பிடித்து மல்லுக்கட்டாதே. கொஞ்சம் விட்டுக்கொடு, தானாகத் திரும்பிவிடும்!"

"சரி, அண்ணே!" என்றது ஆண் அணில். பெண் அணில் பயத்தில் அதன் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

தோணி திட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை கோரையன் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு, "அப்பா, வாங்க!" என்று புதுத் தோணியில் தும்பையோடு காத்திருந்த குட்டிகள் கூப்பிட்ட பக்கம் ஓடியது.

குழந்தைகளே, பழைய பொருளின் மேல் பாசம் இருப்பது நல்லதுதான். ஆனால் அதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யும்போது, அதில் ஏறிப்போன நாட்களை அல்ல, இனி ஏறப்போகிறவர்களையே பார்க்க வேண்டும்.