கழுத்தளவுத் தண்ணீர்

மரமும் நண்டும் ஆறும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரையில் மருதன் என்றொரு நீர்மருது நின்றான். உடம்பெல்லாம் கறுத்துத் தடித்த பட்டை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. தண்ணீர் தொட்ட இடத்தில் பட்டையில் ஒரு தடம் விழும். விழுந்த தடம் அழியாது; அதை வைத்துத்தான் அளவு சொல்வான். ஆற்றை அவன் தாயி என்றுதான் கூப்பிடுவான்.

விடிந்ததும் நண்டு வந்துவிடும். “மருதண்ணே, இன்னைக்கு எம்மட்டு?”

“முழங்காலளவு. வளையை ஒரு சாண் மேலே தோண்டிக்க.”

நண்டுக்கு வளை, ஆமைக்கு முட்டையிடும் குழி, நாரைக்கு நிற்குமிடம், எல்லாம் அவன் வாக்குப்படிதான்.

ஓர் ஐப்பசியில் ஆறு அவன் கழுத்துவரை ஏறினாள். முதல் கிளை பிரியும் இடம் அது. மூன்று நாள் கட்டிக்கொண்டு நின்றாள். நான்காம் நாள் இறங்கிப் போனாள். கழுத்தில் செம்மண் தடம் மட்டும் தங்கியது. அதற்கப்புறம் மருதனுக்கு வேறு நினைப்பே கிடையாது.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஆறு மெலிந்துபோய், அவன் கணுக்கால் நனையுமளவுக்கு வந்தாள். நாரை நிமிர்ந்து கழுத்துத் தடத்தைப் பார்த்தது, குனிந்து தண்ணீரைப் பார்த்தது. “அதுவரைக்கும் வந்தவளா இவ?” என்று சிரித்தது.

மருதன் நாரையை அதட்டியிருக்க வேண்டும். ஏக்கத்தில் வாய் தவறிவிட்டது. “அன்னைக்குக் கழுத்தைக் கட்டிக்கிட்டே. இன்னைக்குக் காலோட நின்னா எப்படி, தாயி?”

மறுநாள் ஆறு எதிர்க்கரையோரம் ஒதுங்கி ஓடினாள். நடுவில் வெறும் மணல்.

மருதனின் இலைகள் பழுத்தன. மணலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்திக் கத்திப் பேரம் பேசினான்.

“கழுத்தளவு வேண்டாம் தாயி, இடுப்பளவுக்கு வா.”

ஆறு எதிர்க்கரையை விட்டு நகரவில்லை.

“சரி, முழங்கால்.”

ஒரு மாசம் போயிற்று. “கணுக்கால் போதும். அதுக்குக் கீழே நான் எங்கே இறங்க?”

அப்போதுதான் ஆறு வாய் திறந்தாள். “நீ எவ்வளவு இறங்கினா எனக்கென்ன? கழுத்துல அதை வச்சுக்கிட்டுத்தானே கூப்பிடறே. நான் எவ்வளவு வந்தாலும் நீ அதைத்தான் பார்ப்பே.”

மருதன் கிளையைத் தாழ்த்திக் கழுத்துத் தடத்தைத் தடவினான். அவள் கட்டிக்கொண்டதற்கு அது ஒன்றுதான் மிச்சம்.

நண்டுக்குப் புரிந்துவிட்டது. “அண்ணே, வேண்டாம். அது போனா நாங்க எதைப் பார்த்து வளை தோண்டறது?”

“உன் பாட்டை நீ பாரு” என்று சீறிவிட்டு, கழுத்தில் ஆரம்பித்து அடிவரை, பட்டையைத் தகடு தகடாக உரித்து மணலில் போட்டான். உள்ளே வெளேரென்று, யாரும் தொடாத உடம்பு.

மூன்றாம் நாள் மணல் ஈரமானது. விரற்கடை ஆழத்தில் ஒரு நீரோட்டம் நெளிந்து வந்து அவன் வேர் நுனியை நனைத்தது.

நண்டு பழக்கத்தில் கேட்டது. “எம்மட்டுண்ணே?”

“வந்துட்டா” என்றான் மருதன். அதற்கு மேல் சொல்லவில்லை.

அன்று முதல்தான் நீர்மருது, வெள்ளம் இட்ட தடத்தை வைத்துக்கொள்ளாமல் வருஷந்தோறும் பட்டையை உரித்துப் போட்டுவிட்டு, வெளுத்த உடம்போடு ஆற்றின் பக்கம் சாய்ந்தபடி நிற்கிறது. ஆற்றின் அளவு தெரிய வேண்டியவர்கள், மரத்தைக் கேட்டுப் பயனில்லை என்று, தண்ணீருக்குள் கோடு போட்ட கல்லை நட்டுக்கொள்கிறார்கள்.