கன்றின் வயிறு வரை தண்ணீர்

காட்டாற்றின் கரையில் ஒரு காட்டெருமைக் கூட்டம் மேய்ந்துவந்தது. அதற்கு உளவு சொல்லும் வேலை ஓர் ஆட்காட்டிப் பறவைக்கு.

இப்போதெல்லாம் அந்த வேலையே அதற்குக் கசந்துபோயிற்று. செத்துப்போன பழைய தலைவர் வெண்காலனை நினைத்து நினைத்து ஏங்கியது. அடடா, அது ஒரு காலம்! அந்தி சாய்ந்தால் வெண்காலன், கூட்டம் ஆற்றைக் கடக்கும் துறைக்கு வருவார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"தண்ணீர் எதுவரை, தாயே?"

"கன்றின் முழங்கால் வரை, ஐயா!"

அவ்வளவுதான். நிம்மதியாக அசைபோடப் போய்விடுவார்.

புதிய தலைவர் கருந்திமிலன் அப்படியில்லை. காட்டில் எது நடந்தாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் குரங்கு, மைனா, முயல் என்று ஆளாளுக்கு ஒரு சேதியோடு அவர் முன்னால் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையின் கடைசியில் நிற்கும்போதெல்லாம் ஆட்காட்டிக்கு அழுகையே வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் மூங்கில் காட்டுக்குள் செந்நாய்கள் புகுந்தன. அவை குறிவைத்தது கன்றுகளை!

"மொத்தம் எத்தனை?" என்றார் கருந்திமிலன்.

"இருபது!" என்றது குரங்கு.

"பொய்! இருபத்து மூன்று!" என்றது மைனா.

"போய்ச் சரியாக எண்ணி வாருங்கள்! எல்லாம் தெரிந்த பிறகுதான் ஓர் அடி எடுத்து வைப்பேன்!"

இரண்டும் ஓடின. முயல் முன்னால் வந்து, செந்நாய்களின் வால் என்ன நிறம் என்று விவரிக்கத் தொடங்கியது.

"தலைவரே, அவசரம்!" என்று கத்தியது ஆட்காட்டி.

"வரிசையில் நில்!"

ஆட்காட்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பறந்து போய் அவர் கொம்பின் மேலேயே உட்கார்ந்தது.

"செந்நாய் இருபது என்றால் என்ன செய்வீர்கள்?"

"ஆற்றைக் கடப்போம்!"

"நாற்பது என்றால்?"

"அப்போதும் ஆற்றைத்தான் கடப்போம்! வேறு வழி ஏது?"

"பிறகு எண்ணிக்கை எதற்கு? மலையில் மழை கொட்டுகிறது! துறையில் தண்ணீர் கன்றின் வயிற்றைத் தொட்டுவிட்டது! இன்னும் கொஞ்சம் ஏறினால் கன்றுகள் கடக்கவே முடியாது!"

கருந்திமிலன் சட்டென்று ஆற்றின் பக்கம் திரும்பினார். "எல்லோரும் ஆற்றில் இறங்குங்கள்!" என்று முழங்கினார்.

நடு ஆற்றில் தண்ணீர் கன்றுகளின் கழுத்துக்கு வந்துவிட்டது. கடைசிக் கன்றை வெள்ளம் இழுத்தது. கருந்திமிலன் குறுக்கே நின்று, தம் விலாவில் அதைத் தாங்கிக் கரை சேர்த்தார். பின்னாலேயே ஓடிவந்த செந்நாய்கள், பொங்கி வந்த வெள்ளத்தைப் பார்த்து அக்கரையிலேயே ஊளையிட்டன.

மறுநாள் மாலை வரிசை ஏதும் இல்லை. கருந்திமிலன் தனியாகத் துறைக்கு வந்தார்.

"தண்ணீர் எதுவரை, தாயே?" என்றார்.

ஆட்காட்டி தண்ணீரின் மேல் தாழப் பறந்து பார்த்துவிட்டு வந்தது. "இன்னும் கன்றின் கழுத்து வரை, ஐயா!" என்றது.

எல்லாச் சேதியையும் கேட்டுக்கொண்டிருப்பவர் அல்ல, தம் முடிவை மாற்றக்கூடிய சேதி எது என்று அறிந்து அதை முதலில் கேட்பவரே நல்ல தலைவர்.