ஆசீர்வாதம் முயலின் புத்தம்புது வேதாகமம்

ஆம்பல் குளத்தங்கரையில் ஆசீர்வாதம் என்றொரு முயல் இருந்தது. அதனிடம் ஒரு வேதாகமம் இருந்தது. கல்யாணத்தன்று சபையார் கொடுத்தது. கறுப்பு அட்டை, பக்க ஓரமெல்லாம் தங்கப் பூச்சு, மேலே ஜிப் வைத்த உறை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அதில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை. எப்படி விழும்? திறந்தால்தானே!

ஞாயிறு தவறாமல் முயல் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலமரத்தடி ஆராதனைக்குப் போகும். அங்கே கிளி உரக்க வேதம் வாசிக்கும். முயல் கண்ணை மூடிக் கேட்கும். வீட்டுக்கு வந்ததும் உறையைத் துடைத்து, அந்துருண்டை போட்ட பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிடும்.

பக்கத்து மரத்து அணில் கிருபாவதி வேறு மாதிரி. தினமும் காலையில் கஞ்சி கொதிக்கிற நேரத்தில், அடுப்படியிலேயே உட்கார்ந்து பத்து வசனம் வாசித்துவிடும். ஒரு நாள் முயல் அதைப் பார்த்துவிட்டது.

"என்ன கிருபா, வேதத்தைப் போய் அடுப்படியில வச்சிருக்கே? கரி ஒட்டாதா?"

"ஒட்டத்தான் செய்யுது அண்ணே. என்ன செய்ய, பசி தினமும்தானே வருது."

"இதுக்கெல்லாம் ஒரு முறை வேணும். லெந்து நாள், அதான் தவக்காலம், வரட்டும்னு இருக்கேன். நாற்பது நாள்ல முழுசா முடிச்சிடுவேன் பாரு."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க," என்றது அணில்.

முயலுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று நடையைக் கட்டியது.

அந்த வாரமே பாக்கியநாதன் யானையின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. மூன்றே நாளில் பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது. கொக்கு வைத்தியர் வந்து பார்த்தார்.

"இன்னைக்கே முள்ளை எடுத்தாகணும். விட்டா சீழ் மேலே ஏறிடும். அப்புறம் காலே போயிடும்," என்றார்.

அவருடைய நீண்ட அலகைப் பார்த்ததும் யானை பயந்துபோனது. அலகு கிட்டே வந்தாலே காலை இழுத்துக்கொண்டது. அத்தனை பெரிய உடம்பை யார் பிடித்து வைப்பது?

"யாராவது எனக்கு வேதம் வாசிச்சுக் காட்டுங்க. தைரியம் வந்தா காலை நீட்டிடுவேன்," என்று அழுதது யானை. "ஆசீர்வாதம் அண்ணனைக் கூப்பிடுங்க. வாராவாரம் வேதத்தோட வர்றவராச்சே."

முயல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. ஜிப்பை இழுத்தது. பக்கங்களோ ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நகத்தால் நெம்பியது. ஊதிப் பார்த்தது. ஒருவழியாக ஓரிடத்தில் திறந்துகொள்ள, அதையே வாசிக்க ஆரம்பித்தது. அது ஒரு வம்ச வரலாறு. இன்னாருடைய மகன் இன்னார், அவருடைய மகன் இன்னார் என்று போய்க்கொண்டே இருந்தது.

யானை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. "அண்ணே, இவங்கள்ல யாருக்காவது கால்ல முள் குத்துச்சா?"

"தெரியலையேப்பா. ஆறுதலான பகுதி இருக்கு. எங்கே இருக்குன்னுதான்..."

முயலின் காதுகள் தொங்கிப்போயின. ஒன்பது வருஷம் சுமந்த வேதத்தில், வலியில் துடிக்கிற சிநேகிதனுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லை. வெட்கம் அதைப் பிடுங்கித் தின்றது.

அப்போது அணில் ஓடி வந்தது. சேதி கேட்டு, போட்டது போட்டபடி வந்ததால் கையில் புத்தகம் இல்லை. யானையின் காதோரம் ஏறி உட்கார்ந்தது.

"பாக்கியம் அண்ணே, இன்னைக்குக் காலையில வாசிச்சதைச் சொல்றேன், கேளுங்க. ஒரு மேய்ப்பர். அவரோட ஆடு இருட்டுப் பள்ளத்துல இறங்க வேண்டியிருக்கு. அவர் மேட்டுல நின்னு வழி சொல்லலை. கூடவே வர்றார். இப்ப உங்க கூடவும் இருக்கார்."

யானை நீளமாக மூச்சு விட்டது. மெல்லக் காலை நீட்டியது. கொக்கு ஒரே இழுப்பில் முள்ளை எடுத்துவிட்டார்.

"பிழைச்சேன்," என்றது யானை.

"இனி தினமும் கட்டு மாத்தணும். நாளைக்கு மருந்து வைக்கிறப்போ இதைவிட எரியும்," என்றார் வைத்தியர்.

யானை முயலைப் பார்த்தது. "நாளைக்கு நீங்க வாசிங்க அண்ணே."

கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் கேட்டது. அதுதான் முயலை அதிகம் சுட்டது.

போகிற வழியில் முயல் அணிலிடம் மெதுவாகக் கேட்டது: "அது எந்த இடம் கிருபா?"

"வேதத்துல சங்கீதம்ங்கிற பகுதியில, இருபத்துமூணாவது அண்ணே, காட்டித் தர்றேன். நாளைக்கு அதை மட்டும் வாசிங்க. அடுத்த நாள் அடுத்தது."

மறுநாள் விடிந்ததும் முயல் ஒட்டிய பக்கங்களைப் பொறுமையாகப் பிரித்து உட்கார்ந்தது. அணில் காட்டிய சங்கீதத்தை இரண்டு தரம் வாசித்தது. பிறகு யானையிடம் போய் வாசித்துக் காட்டியது. மருந்து எரியத்தான் எரிந்தது. ஆனால் யானையின் கால் அசையவில்லை.

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் வாசிங்க அண்ணே."

முயல் வாசித்தது. "என் ஜீவனுள்ள நாளெல்லாம் நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும்; நான் கர்த்தருடைய வீட்டிலே நீடித்த நாட்களாய் நிலைத்திருப்பேன்." அந்த வரி தனக்கும்தான் எழுதியிருக்கிறது என்று, ஒன்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது.

சுகமான நாட்களில் தினமும் கொஞ்சமாக வாசித்து மனசில் வைத்த வேதம்தான், கஷ்ட நாளில் நமக்கும் நம் பக்கத்தில் இருப்பவருக்கும் கைகொடுக்கும்.