முதல் தண்ணி

குன்னூர் ஜெசிந்தாவுக்கு வயசு இருபத்தாறு. சமையல்ல அவளுக்கு ஒரே ஒரு சிஷ்யை. அந்தச் சிஷ்யைக்கு ஐம்பத்தேழு.

எதிர்வீட்டு மனோன்மணியம்மாதான் அது. கோவம் எப்பவும் மூக்கு நுனியில. பால்காரர்ல இருந்து பேங்க் மேனேஜர் வரைக்கும் அந்த வாய்க்குத் தப்பினவங்க கிடையாது.

அன்னிக்குக் காலையில வந்ததும் கண்ணாடிப் பாத்திரத்தை டப்புன்னு மேஜையில வச்சாங்க.

"பாரு. நாலாவது தடவை. கிழங்கு ஒரு பக்கம் நீந்துது, பால் ஒரு பக்கம் ஓடுது. நேத்தும் அவர் ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிட்டார்."

டைஃபாய்டுல படுத்து எழுந்ததுல இருந்து அவங்க வீட்டுக்காரருக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்கலை. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. ஆசையா சாப்பிட்டது ஒன்னே ஒன்னுதான். ஜெசிந்தா வீட்டுல மெலிசா வெட்டின உருளைக்கிழங்கை அடுக்கி, பூண்டு போட்டு, பாலும் க்ரீமும் ஊத்தி, மேல சீஸ் தூவி, ஓவன்ல வேகவச்சது. வெட்டினா கேக் மாதிரி துண்டு நிக்கும்.

"எதையோ மறைக்கிறே. மைதாவா, கார்ன்ஃப்ளாரா? முப்பது வருஷமா அவருக்குச் சமைச்சுப் போட்டவ நான். நேத்து முளைச்ச உன் கையில மட்டும் என்னடி மந்திரம்?"

ஜெசிந்தா கிழங்குக் கூடையை நகர்த்தி வச்சா.

"இங்கேயே செய்யுங்க ஆன்ட்டி."

"செய்றேன். உன் கிழங்கு, உன் பால், உன் ஓவன். அப்புறம் பேசிக்கறேன்."

தோலைச் சீவி, காசு கனத்துக்குச் சீரா வெட்டினாங்க. குண்டான்ல போட்டுத் தண்ணி ஊத்தி அலசினாங்க. தண்ணி வெள்ளையா கலங்குச்சு. அதைக் கொட்டப் போனப்போ ஜெசிந்தா வேற பாத்திரத்துல வாங்கி ஓரமா வச்சா. அப்புறம் ரெண்டாவது தண்ணி, மூணாவது தண்ணி. பளிங்கு மாதிரி தெளிஞ்ச பிறகுதான் மனோன்மணியம்மா விட்டாங்க.

ஒரு மணி நேரம் கழிச்சு ஓவனைத் திறந்தாங்க. நல்லா வெந்திருந்துச்சு, மணமும் தூக்குச்சு. கரண்டி பட்டதும் கிழங்கு சரிஞ்சு பால் ஓடுச்சு.

"பார்த்தியா. இப்பவாவது சொல்லு, நீ என்ன போடறே?"

ஜெசிந்தா ஓரமா வச்ச பாத்திரத்தை எடுத்து, தெளிஞ்ச தண்ணியை மெதுவா சாய்ச்சு ஊத்தினா. அடியில வெள்ளை மாவு கெட்டியா படிஞ்சிருந்துச்சு. அதுல ஒரு ஸ்பூன் எடுத்து, ஓடின பால்ல கலந்து அடுப்புல வச்சுக் கிண்டினா. பால் கரண்டியை விட்டு இறங்கலை.

"நான் எதையும் போடலை ஆன்ட்டி. இதைக் கொட்டலை, அவ்வளவுதான்."

மனோன்மணியம்மா அந்தக் கரண்டியையே பார்த்துட்டு நின்னாங்க.

"கெட்டிக்காரிடி நீ. முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"வெட்டினப்புறம் கழுவாதீங்கன்னுதான் ஆரம்பிச்சேன். 'எனக்கா சுத்தம் சொல்லித்தர்றே'ன்னு கேட்டீங்க. மீதியை மட்டும் எழுதிக்கிட்டீங்க."

மனோன்மணியம்மா அலசுற குண்டானை ஓரமா தள்ளி வச்சாங்க. புதுசா கிழங்கு எடுத்து வெட்ட ஆரம்பிச்சாங்க. கத்தியை நிறுத்தாமலே கேட்டாங்க.

"ஏம்மா, என் கையால செஞ்சா அவர் சாப்பிடுவாரா?"

"அன்னிக்கு இங்க சாப்பிட்டுட்டுக் கிளம்பும்போதே அங்கிள் கேட்டுட்டார் ஆன்ட்டி. 'இதை எங்க மனோவுக்குச் சொல்லித்தருவியாம்மா'ன்னு."