வின்ச்சில் மாட்டிய மாப்பிள்ளை

கரட்டுப்புதூர்க்காரர்கள் காதில் விழாமல் இதைச் சொல்ல வேண்டும். விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வேறு ஏதோ ஊர்க் கதை என்று நினைத்துக்கொண்டு அவர்களும் நம்மோடு சேர்ந்து சிரிப்பார்கள். ஆனாலும் நமக்கு எதற்கு வம்பு?

அந்த ஊரில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு லாரி வாங்கினார்கள். சாதா லாரி இல்லை. முன் பம்பரில் கம்பெனிக்காரனே வின்ச் வைத்துக் கொடுத்த லாரி. பள்ளத்தில் விழுந்த வண்டியோ சேற்றில் புதைந்த டிராக்டரோ, கொக்கியை மாட்டிப் பட்டனை அமுக்கினால் போதும், இரும்புக் கயிறு உருளையில் சுருண்டு சுருண்டு மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

நாலு பேரில் மூத்தவர் செங்கோட்டுவேலு. எழுத்துக்கூட்டிப் படிப்பார், அதனால் வாரண்டி புத்தகம் அவர் மடியில். குப்பண்ணன் லாரி ஓட்டுவார். பொங்கியண்ணனிடம் சொந்தமாக ஒரு பழைய கார் இருந்தது. நாலாவது ஆள் அர்த்தனாரிக்கு முப்பத்தாறு வயசு ஆகியிருந்தது, அவ்வளவுதான். நாற்பத்தொரு ஜாதகம் வந்து, நாற்பத்தொன்றும் தட்டிப் போயிருந்தது. ‘மாப்பிள்ளை லாரி ஓனர்’ என்று சொல்லிக்கொள்ளலாமே என்றுதான் பாவம் அவன் கூட்டிலேயே சேர்ந்தான்.

லாரி வந்து ஒரு வருஷம் ஆயிற்று. வின்ச்சை ஒரு தடவைகூட யாரும் தொடவில்லை. கம்பெனியில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. அதன்மேலேயே சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் டிராக்டர் மாட்டிக்கொண்டது என்று ஓடி வந்தபோது, “புதுச் சாமானுங்க, சேறு பட்டுருமுங்க” என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நாற்பத்திரண்டாவது ஜாதகம் பொருந்தியது. அத்திமரப்பாளையம் வையாபுரி மகள் மேகலா. பொண்ணு வீட்டு ஊரிலேயே கல்யாணம், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அன்றைக்குக் காலையில் அர்த்தனாரி பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, பொங்கியண்ணன் காரில் ஏறி உட்கார்ந்தான். அப்போதுதான் செங்கோட்டுவேலு தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“போச்சு! வாரண்டி இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது!”

“முடிஞ்சா என்னுங்கண்ணா?” என்றான் அர்த்தனாரி.

“ஒரு வருஷமா வாரண்டி வச்சுக்கிட்டு ஒரு ரிப்பேர்கூடப் பண்ணலைன்னா நாளைக்கு ஊரு நம்மளை மதிக்குமா? வின்ச்சு ஓடுதா இல்லையான்னாவது பாக்க வேண்டாமா?”

நாலு பேரும் யோசித்தார்கள். வின்ச்சைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொள்ள வேண்டுமானால் சேறு வேண்டும். முந்தின நாள் பெய்த மழையில் ஏரிக்குள் சேறு இருந்தது. அத்திமரப்பாளையத்துக்குத் தார் ரோட்டில் போனால் எட்டு கிலோமீட்டர், ஏரிக்குள் இறங்கி ஏறினால் மூன்றுதான்.

“அப்ப ஏரி வழியாவே போலாமுங்க. சீக்கிரமும் போயிரலாம், மாட்டியும் போயிரலாம்” என்றான் மாப்பிள்ளை. கூட்டில் அவனும் ஒரு பங்கு அல்லவா?

கார் முன்னால் போனது, லாரி பின்னால் போனது. ஏரி நடுவில் கார் கச்சிதமாகப் புதைந்தது. நாலு பேருக்கும் அப்படியொரு சந்தோஷம். குப்பண்ணன் லாரியைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்க்கரைமேல் நிறுத்தினார். பொங்கியண்ணன் இறங்கிக் கொக்கியை மாட்டினார். செங்கோட்டுவேலு கையை உயர்த்தி, “இழு!” என்று கத்தினார். கயிறு சுருண்டது, கார் சேற்றிலிருந்து கிளம்பிக் கரைச் சரிவில் ஏறியது. பாதிச் சரிவில் வின்ச் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கார் கயிற்றில் தொங்கியது. உள்ளே அர்த்தனாரி மல்லாக்கச் சாய்ந்து கிடந்தான்.

“ரிப்பேர்!” என்றார் செங்கோட்டுவேலு. அந்தக் குரலில் இருந்த பெருமையை என்ன சொல்ல! உடனே கம்பெனிக்குப் போன் போட்டார்.

போன் எடுத்த பெண் பொறுமையானவள். லோடு எவ்வளவு என்று கேட்டாள். கார் எழுநூற்று எண்பது, மாப்பிள்ளை எழுபத்தொன்று, பின்னால் சீர்த் தேங்காய் ரெண்டு மூட்டை எண்பது, முறுக்குக் கூடை ஒன்பது, ஆக மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ என்று பொங்கியண்ணன் கணக்குப் போட்டுச் சொன்னார். வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, பேரையும் எழுதிக்கொண்டாள்.

“இன்ஜினியர் சேலத்துல இருந்து கிளம்பறார் சார், மத்தியானம் வந்துருவார். அதுவரைக்கும் பழுதானப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருங்க. எதையும் மாத்தினீங்கன்னா வாரண்டி செல்லாது சார்.”

செங்கோட்டுவேலு போனை வைத்துவிட்டு, உயர்த்திய கையைத் திரும்ப உயர்த்திக்கொண்டார். குப்பண்ணன் பட்டன்மேல் இருந்த கட்டை விரலை எடுக்கவில்லை. பொங்கியண்ணன் கொக்கி மாட்டக் குனிந்தவர், மறுபடியும் குனிந்தார்.

“அண்ணா, நான் இறங்கி நடந்தே மண்டபத்துக்குப் போயிரட்டுங்களா?” என்று கார் ஜன்னல் வழியாகக் கேட்டான் அர்த்தனாரி.

“நீ எப்படிறா போவே? நீ லோடுல வர்றே” என்றார் செங்கோட்டுவேலு.

“நான் மாப்பிள்ளைங்கண்ணா.”

“மாப்பிள்ளையெல்லாம் மண்டபத்துல. இங்க நீ எழுபத்தோரு கிலோ. அதுவுமில்லாம பேரு கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சு.”

அர்த்தனாரிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தொரு வீட்டுப் படி ஏறி இறங்கினவன். நாற்பத்திரண்டாவதும் போய்விட்டால் இனி எந்தத் தரகர் வாசலுக்கு வருவார்? இந்தப் பக்கம் கல்யாணம், அந்தப் பக்கம் வாரண்டி. இரண்டில் எதை விடுவது என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்த ஊர்க்காரன் வேறு என்ன செய்வான்?

ஒன்பது மணிக்கு வையாபுரி பைக்கில் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையைக் காணோமே என்று மண்டபமே கொதித்துக்கொண்டிருந்தது. அவர் விவரமான மனுஷர், கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். தொங்குகிற காரையும், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரையும், குனிந்திருக்கிறவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, என்னுங்க இது அக்கிரமம்? மாப்பிள்ளையை இறக்கி விடுங்க!”

“இறக்கினா எழுபத்தோரு கிலோ குறையுமுங்க” என்றார் பொங்கியண்ணன், தரையைப் பார்த்தபடியே.

“அவரு எடைக்கு வேற ஒரு ஆளை உக்கார வைங்க!”

செங்கோட்டுவேலு முகத்தைச் சுளித்தார். “டூப்ளிகேட் போட்டா கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டானுங்க. ஒரிஜினல்தான் இருக்கணும்.”

வையாபுரி பைக் சீட்டிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. இவர்கள் பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருப்பது மாதிரிதான் இருக்கும், எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கவிழ்க்கும். கடைசியில் மகளுக்குப் போன் போட்டு, “கல்யாணத்தை நிறுத்திரலாமா கண்ணு?” என்று கேட்டார்.

மேகலாவுக்கும் இருபத்தொன்பது ஜாதகம் தட்டிப் போனதுதான். “எதுக்கு நிறுத்தணும்? அவரு வர முடியலைன்னா நாம போலாம். கார்லயே உக்காந்து கட்டிக்கறேன். கால்ல சேறு மட்டும் படக்கூடாதுங்கப்பா” என்றாள்.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும், மேளக்காரரும், தாலி எடுத்துக் கொடுக்க வேண்டிய அருமைக்காரரும் ஏரிக்கரைக்கு வந்தார்கள். மணி ஒன்பதே முக்கால். பொண்ணைக் காரில் ஏற்றப் போனபோது செங்கோட்டுவேலு குறுக்கே விழுந்தார்.

“பொண்ணு எத்தனை கிலோ?”

“என்ற பொண்ணை எடை போடுவியா நீ?” என்று வையாபுரி கையை ஓங்கினார்.

“கோவிச்சுக்காதீங்க. பொண்ணு எவ்வளவு ஏறுதோ அவ்வளவு இறக்கோணும். பொண்ணை இறக்கச் சொல்லலீங்களே, தேங்காயைத்தானே இறக்கச் சொல்றோம்?”

அரிசி மில்லிலிருந்து தராசு வந்தது. பட்டுப் புடவை, நகை, மாலையோடு மேகலா அறுபத்தொரு கிலோ. ஒரு தேங்காய் மூட்டை நாற்பது, முறுக்குக் கூடை ஒன்பது, ஸ்டெப்னி டயர் பன்னிரண்டு. மூன்றையும் இறக்கினார்கள், பொண்ணை ஏற்றினார்கள். அருமைக்காரர் ஒரு கால் கரையிலும் ஒரு கால் பம்பரிலும் வைத்து, ஜன்னலுக்குள் தலையை விட்டு வாழ்த்துச் சொன்னார். அர்த்தனாரி மல்லாந்து கிடந்த மேனிக்கே தாலி கட்டினான். கெட்டிமேளம் முழங்கியது, ஜனங்கள் ஜன்னல் வழியாக அட்சதையை வாரி இறைத்தார்கள்.

“அரிசி! அரிசி உள்ளே போகுது!” என்று அலறினார் பொங்கியண்ணன். மாப்பிள்ளையின் ரெண்டு செருப்பையும் வாங்கி வெளியே எறிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அர்த்தனாரி மல்லாந்தபடியே சிரித்தான். தாலி கட்டியாயிற்று, வாரண்டியும் போகவில்லை! உலகத்தில் எவனுக்கு இந்த யோகம் வாய்க்கும்?

பன்னிரண்டரை மணிக்கு இன்ஜினியர் ஜெரால்டு வந்தார். கரைமேல் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் நேராக வின்ச்சிடம் போய்க் குனிந்து பார்த்தார். உருளையில் கயிறு சுற்றும்போது பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து சுற்றி, நசுங்கி, நன்றாக இறுகிப் போயிருந்தது.

“கவரை ஏன் பிரிக்கலை?”

“பிரிச்சாப் பழசாயிருமுங்களே” என்றார் குப்பண்ணன்.

ஜெரால்டு பையிலிருந்து பிளேடை எடுத்துக் கவரை அறுத்தார். நாலு பங்காளிகளும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். “இப்ப அமுக்குங்க” என்றார். அமுக்கித்தானே இருக்கிறது? கார் சொகுசாகக் கரை ஏறியது.

அவரை இலை முன்னால் உட்கார வைத்து, ரெண்டு தரம் பாயசம் ஊற்றி, ஒரு வருஷ வாரண்டியில் இதுதான் முதல் ரிப்பேர் என்று செங்கோட்டுவேலு தழுதழுத்தார். ஜெரால்டுக்கு மனசு இளகிவிட்டது.

“சரி, வாரண்டியிலேயே எழுதிக்கறேன். ஒரு வாரம் இதே லோடோட இழுத்துப் பாருங்க. பிரச்சினை இல்லைன்னா வந்து கையெழுத்துப் போட்டுக் கேஸை முடிச்சிடறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாவம், நல்ல மனுஷர். அவருக்கு ஊர் புதுசு.

பொண்ணு மாப்பிள்ளை இறங்கக் கதவைத் திறந்தார்கள். செங்கோட்டுவேலு வெளியிலிருந்து சாத்தினார்.

“இதே லோடுன்னு சொன்னாரே, கேக்கலையா?”

அர்த்தனாரி கதவைத் தள்ளிப் பார்த்தான். வீட்டு வாசலில் அவன் அம்மா ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். கட்டினவளை வீட்டுக்குள் கூட்டிப்போய் விளக்கேற்ற வைக்க வேண்டாமா? “இன்னும் ஏழே நாள்தான்” என்று மேகலாவுக்குச் சமாதானம் சொன்னான். அவள் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டுக்கொண்டாள்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, காரை ஏரிக்குள் இறக்கி மேலே இழுத்தார்கள். அது வரைக்கும் சரிதான். ஆனால் புது மாப்பிள்ளை எங்கே இருக்கிறானோ அங்கேதானே விருந்து? ரெண்டாம் நாள் மாமியார் கறிக்குழம்பும் சந்தவையும் எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறினார். எழுபத்துநாலு கிலோ. சொந்தபந்தமாக வந்த ஒறம்பரையை இறங்குங்கள் என்று எந்த வாயால் சொல்வது? மிச்சத் தேங்காய் மூட்டையை இறக்கி, முன் கதவு ரெண்டையும் கழற்றினார்கள்.

மூன்றாம் நாள் வையாபுரி வந்தார், கூட அவர் தங்கை, தங்கை வீட்டுக்காரர். பின் கதவு, பானெட், சீட்டு எல்லாம் போயிற்று. நாலாம் நாள் பெரிய மாமா குடும்பத்தோடு வரவும் இன்ஜினைத் தூக்கினார்கள்.

“இன்ஜின் போனாப் போகட்டும், வின்ச்சுதான் இழுக்குதே!” என்று பொங்கியண்ணன் தன் கையாலேயே போல்ட்டைக் கழற்றினார். சொந்தக் கார் இல்லையா, எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அஞ்சாம் நாள் மேல்கூரை போனது. ஆறாம் நாள் டயர் போனது. ஒவ்வொரு வேளையும் தராசு வைத்து, கிராம் சுத்தமாக எடை பார்த்தார்கள். முதல் நாள் மகளை எடை போட்டதற்குக் கையை ஓங்கிய வையாபுரி, இப்போது தராசுப் பக்கத்தில் தானே நின்று நோட்டில் எழுதினார்.

எட்டாம் நாள் காலையில் ஜெரால்டு வந்தார். கரைச் சரிவில் வின்ச் ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டு வந்தது. காரின் அடித் தகரம். அதன்மேல் பொண்ணு மாப்பிள்ளையோடு சேர்த்துப் பதினாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, இலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கார் எங்கே?” என்றார் ஜெரால்டு.

“காரைப் பத்தி என்னுங்க கவலை? லோடைப் பாருங்க. ஆளுங்க தொள்ளாயிரத்துப் பத்து, தகரம் முப்பது. தொள்ளாயிரத்து நாற்பது கிலோ, ஒரு கிராம் ஏறலை, இறங்கலை” என்று நோட்டை நீட்டினார் வையாபுரி.

ஜெரால்டு நோட்டைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, ‘வின்ச் நன்றாக வேலை செய்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அர்த்தனாரிக்குத் தலைகால் புரியவில்லை. கேஸ் முடிந்தது! இலையை மடித்துவிட்டு எழுந்து, கையை நீட்டி, “வா மேகலா, நம்ம வீட்டுக்குப் போலாம். அம்மா எட்டு நாளாத் தட்டோட நிக்குது” என்றான்.

மேகலா அவன் கையைப் பிடித்து மெல்லத் திரும்ப உட்கார வைத்தாள்.

“கொஞ்சம் பொறுங்க. எங்க அக்கா பசங்க ரெண்டு பேரும் ஈரோட்டுல இருந்து பஸ் ஏறிட்டாங்களாம். ஆளுக்குப் பதினஞ்சு கிலோதான். நாம எல்லாரும் இப்படியே உக்காந்திருப்போம், பொங்கியண்ணன்கிட்டச் சொல்லி அடியில இருக்கற தகரத்தை மட்டும் கழட்டிக்கச் சொல்லுங்க.”